ராணி பிறக்கும் வரை என் தேனீப் பெட்டிகளைத் திறக்க வேண்டாம்

அனுப்புநர்:
பூமாலை, க/பெ. தங்கதுரை,
கரியாலூர், கல்வராயன்மலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: அரசுத் திட்டத்தில் ராணித் தேனீ வழங்கும் ஒப்பந்ததாரரின் ஆள் வரும் வியாழக்கிழமை என் பெட்டிகளைத் திறக்காமல் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆறு வருடமாக எட்டுப் பெட்டிகளில் தேனீ வளர்த்து வருகிறேன். தேன் எடுக்கும் நாள் தவிரப் பெட்டியைத் திறக்க மாட்டேன். சர்க்கரைப் பாகும் வைப்பதில்லை. ராணி கிழடானால் ஈக்களே இன்னொரு ராணியை வளர்த்துக்கொள்ளும்.

பிப்ரவரி 14 அன்று, ஒப்பந்ததாரரின் பணியாளர் திரு. ஜீவா வந்து, கிழட்டு ராணிகளை எடுத்துக்கொண்டு ஒரே வாரத்தில் நல்ல சாதி ராணி தருவதாகச் சொன்னார். பெட்டிகளைத் திறக்கச் சம்மதம் என்ற தாளில் நம்பிக் கையெழுத்திட்டேன். புகை போட்டுக் கொடுத்ததும் நான்தான். ஏழு பெட்டிகளின் ராணிகளைச் சிறு கூண்டுகளில் அடைத்து எடுத்துச் சென்றார். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருந்த எட்டாவது பெட்டியை அவர் பார்க்கவில்லை; நானும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

ராணியை இழந்த ஈக்கள் தாமாகவே புது ராணிக்கு அறை கட்டத் தொடங்கின. 22ஆம் தேதி மீண்டும் வந்த திரு. ஜீவா, அந்த அறைகள் இருந்தால் வரப்போகும் ராணியை ஈக்கள் ஏற்காது என்று கூறி அத்தனையையும் கத்தியால் அறுத்தெறிந்தார். கையில் ராணி ஏதும் கொண்டுவரவில்லை. போன் செய்தால், "வண்டி உளுந்தூர்பேட்டை வந்துக்கினு இருக்குதுங்க, நாளைக்கு ஏத்தி வுட்டுர்றேன்" என்பார். ஐந்து முறை இதே பதில். என் ராணிகள் திருநாவலூர்ப் பக்கம் வேறு பயனாளிகளுக்குப் போய்விட்டதை ஆறாம் முறை ஒப்புக்கொண்டார்.

ஐயா, ராணி உள்ள பெட்டியைத் தட்டினால் ஈக்கள் ஒரு கணம் இரைந்து அடங்கிவிடும். ராணி இல்லாத பெட்டி அடங்குவதில்லை. காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. சமைக்கும்போதே நாலு தடவை எழுந்து ஓடுகிறேன். இரண்டு பெட்டி ஈக்கள் பறந்தே போய்விட்டன. மூன்றில் ஈ நாளுக்கு நாள் குறைகிறது.

ராணி இட்ட முட்டையோ இளம் புழுவோ இருந்தால்தான் ஈக்களால் புது ராணியை வளர்க்க முடியும். மார்ச் 3 அன்று, எட்டாவது பெட்டியைத் திறந்து, முட்டையும் இளம் புழுவும் இருந்த இரண்டு அடைச் சட்டங்களை எடுத்து மீதி இரண்டு பெட்டிகளில் வைத்தேன். அதற்குமேல் எடுத்தால் அந்தப் பெட்டியும் தாங்காது. இப்போது அந்த இரண்டிலும் ராணி அறைகள் மூடியிருக்கின்றன. சனிக்கிழமை வாக்கில் ராணி வெளிவர வேண்டும்.

ஆனால் நேற்று திரு. ஜீவா போனில், "வியாழக்கிழமை செக்கிங் வர்றேன். அறை இருந்தா எடுத்துடுவேன். கையெழுத்து போட்டுக்கீறீங்க இல்ல?" என்றார்.

அந்தக் கையெழுத்தைக் காட்டி எவரும் என் பெட்டிகளைத் திறக்கக் கூடாது என வியாழனுக்கு முன் எழுத்துமூலம் உத்தரவிடக் கேட்டுக்கொள்கிறேன். மாற்று ராணி கையில் இல்லாமல் இந்த மலையில் இனி யாரிடமும் ராணியை எடுக்கவும் விடாதீர்கள். அவர்கள் தரும் ராணி எனக்கு வேண்டாம்.

நான் இங்கே வரிசையில் நிற்கும் இந்நேரம், என் கணவர் வேலைக்குப் போகாமல் அந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஈ கொட்டினாலே அவருக்கு முகம் வீங்கிவிடும். உத்தரவோடு நான் மலையேறும் வரை அவர் எழுந்திருக்க மாட்டார்.

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 10.03.2025

இப்படிக்கு,
பூமாலை