ஞாயிற்றுக்கிழமை வலிப்பதில்லை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன். மகள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணி என்று சர்ச் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்.

போன வாரம் காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பேர் கூப்பிடும்போது ஒரு பேரை விட்டுவிட்டேன். மானேஜர் எல்லார் முன்னாலும் திட்டினார். அன்றிலிருந்து பெரட்டில் நின்றாலே வயிற்றைப் பிடித்து இழுக்கிறது. நேற்று பாதியிலேயே கழிவறைக்கு ஓடினேன். திரும்பி வந்தால், அவர்களே ஒவ்வொருவராகத் தங்கள் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

"நீ போய் உக்காரும்மா, நாங்க பாத்துக்கிறோம்லா," என்றார் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நெல்சன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை.

வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை, மனதில் இருக்கும் பயம்தான் வலிக்கிறது என்கிறார் டாக்டர். நிஜம்தான். ஞாயிறு பெரட்டு இல்லை. அன்று நெத்திலி சம்பலோடு மூன்று தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன், வலிக்கவே இல்லை. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கம்.

தபால் எடுத்துப் போகும் ஆபீஸ் வேன் கிளம்புகிறது, முடிக்கிறேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஒரு போத்தல் ஓமத் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். இங்கே பெடாஸ் டவுன் கடையிலும் கிடைக்கிறது. இருந்தாலும் நீங்கள் அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
டான்யா