நெய் ஊற்றிய பாட்டில்

நீலாவதிக்கு,

பனமலை பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ உன் அம்மா வீட்டுக்கு நெய் ஊற்றிக் கொண்டுபோன கண்ணாடி மூடி பாட்டிலை இனித் திறக்காதே.

அது எங்கள் பள்ளிக்கூட லேபில் பாதரச உப்பு இருந்த பாட்டில். உடைத்துப் புதைக்கச் சொன்ன வாத்தியாரிடம் அப்படியே செய்துவிட்டதாகச் சொல்லியிருந்தேன். கனமான கண்ணாடி, கழுவினால் போதும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இன்று அவராகவே சொன்னார்: "நல்லவேளை உடைச்சிட்டப்பா. மூடி இடுக்குல துளி தங்கியிருந்தாலும் விஷம்தான்."



இதே பஸ் திரும்பும்போது பாப்பாவோடு ஏறிவிடு. பாட்டிலைத் துணியில் சுற்றி எடுத்து வா, டாக்டர் கேட்பார். செஞ்சி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறேன்.

பாப்பா நெய்ச்சோற்றைக் கக்குகிறாள், பல் முளைக்கிறது என்று அத்தை சொல்வதாக எழுதியிருந்தாய்.

பல்லாகவே இருக்கட்டும்.

உன் வீட்டுக்காரன்