குளிரறையின் ஆறாவது தட்டு

அன்புள்ள கொரின்னா அக்கா,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே, உன் அறையில் தங்கியிருக்கும் பெண்ணுக்குக்கூட. படித்ததும் கிழித்துவிடு. நீ ஆல்பர்டாவில் வேளைக்குச் சாப்பிட்டு, கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அம்மா உனக்கு எழுதி ஒரு மாதம் ஆகிறது, அதனால் அவளுக்குப் பதிலாக நான் எழுதுகிறேன். கிரேவன்ஸ்டைன் ஆப்பிள் மரங்கள் இந்த வருடம் நன்றாகக் காய்த்தன, ஃபாஸ்டர் சித்தப்பா ஆள் வைத்துப் பறித்து அக்டோபர் முதல் வாரமே குளிரறையை நிரப்பி மூடிவிட்டார். நாய்க்குக் கால் சரியாகிவிட்டது. கணக்கில் எனக்கு எழுபத்தொன்று.

அம்மா வாசனைத் தைலம் செய்கிறாள். ஹாலிஃபாக்ஸில் ஒரு கடைக்காரி, இலையுதிர்காலத் தோட்டம் மாதிரி மணக்க வேண்டும், செயற்கைச் சரக்கு ஒரு சொட்டும் சேரக் கூடாது என்று கேட்டாளாம். வைக்கோலும் தேன்மெழுகும் ஓக் மரப் பாசியும் சாராயத்தில் ஊறி மணத்தைக் கொடுத்துவிட்டன. ஆப்பிள் மட்டும் கொடுக்கவில்லை, காய்ச்சினால் ஜாம் வாசனைதான் வந்தது. அதனால் ஆறு கண்ணாடித் தட்டுகளில் பன்றிக்கொழுப்பைப் பூசி, அறையை மூடுவதற்கு முன்னால் பழப்பெட்டிகள் மேல் வைத்துவிட்டாள். பழம் விடுகிற மூச்சைக் கொழுப்பு குடித்துக்கொள்ளுமாம். "தோட்டத்தையே பாட்டில்ல அடைச்சுட்டீங்கன்னா, அடுத்த வருசம் நான் எதைப் பறிக்கிறது அண்ணி?" என்று சித்தப்பா கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

ஞாயிறுதோறும் ஒரு தட்டு எடுக்கிறாள். கதவின் அடியில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாகக் கொக்கியை விட்டு இழுக்க வேண்டும். அந்தக் கொக்கிக்கு முன்வரிசைத் தட்டு இரண்டுதான் எட்டும், நானே அளந்து பார்த்தேன். ஆனால் நான்கு தட்டு வெளியே வந்துவிட்டது. எப்படி என்று கேட்டால், "உங்கப்பா நகர்த்தி வைக்கிறாரு, வேற யாரு?" என்கிறாள், உப்பை எடுத்துத் தா என்பதுபோல. அக்கா, அது பழம் கெடாமலிருக்கப் பிராணவாயுவை எடுத்துவிட்ட அறை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி ஒரு பழம் எடுத்து வருவது இந்தப் பக்கத்து ஆண்களுக்கெல்லாம் ஒரு பந்தயம், போன வருடம் அப்பாவும் அப்படித்தானே போனார். பின்சுவர் ஓரத்திலிருந்துதானே அவர் உடலைத் தூக்கினார்கள். ஆறாவது தட்டு அங்கேதான் இருக்கிறது.

அம்மாதான் அந்தத் திறப்பில் தவழ்ந்து உள்ளே போகிறாள் என்று நினைக்கிறேன். பாத்திரம் கழுவும்போது உதடு நீலமாகும்வரை மூச்சை அடக்கிப் பழகுகிறாள். ஆனால் நான்காவது தட்டின் கொழுப்பில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது, நடுவில் நகம் பிளந்த பெரிய விரல். அம்மாவின் விரல் அப்படி இல்லை. அந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த தைலத்தை அம்மா என் மணிக்கட்டில் தடவிவிட்டாள். முதலில் காய்ந்த புல் மணத்தது, பிறகு பழம், சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவின் சட்டைக் காலர். மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. உனக்கும் ஒரு குப்பி அனுப்பியிருக்கிறாள், தோலில் தடவாதே.

கடிதம் கிடைத்த அன்றே சித்தப்பாவுக்குப் போன் செய்து, அறையைத் திறந்து பழத்தையெல்லாம் விற்றுவிடச் சொல். நான் சொன்னால், "உனக்கு அப்பா ஞாபகம்டா குட்டி" என்று மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிறார். இங்கே போன் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாளைக்கு ஐந்தாவது ஞாயிறு. திறப்பின் வெளிப்பூட்டுக்குச் சாவி ஒன்றுதான், அதை இன்று நான் எடுத்து ஒளித்துவிட்டேன். அடித்தாலும் தரமாட்டேன். ஆறாவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிடும்.

நீ ஈரத்தலையோடு வெளியே போகாதே. நேரத்துக்குத் தூங்கு. உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். மறக்காமல் சித்தப்பாவுக்கு

கதவைத் தட்டுகிறாள். அம்மாதான். "சாவியை நீயே வச்சுக்கோ கண்ணு," என்கிறாள், "உங்கப்பாவே உள்ளேயிருந்து திறந்து விட்டுட்டாரு. ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு வா, நம்ம ரெண்டு பேரையும் உள்ளே வரச்