பத்து மணிக் கஞ்சி

என் மனுக்களையெல்லாம் நான் படிக்க முதலில் கேட்ட தங்கை காமாட்சிக்கு,

நீ கண்ணை மூடி இது இரண்டாவது ஆடி. வீட்டுக்குப் பின்னால் சர்க்கார் பள்ளியில் நீ மதியச் சோறு சமைத்த கொட்டகையில் இப்போது உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. சோறு எங்கிருந்தோ வேனில் வருகிறது. குறை சொல்ல முடியாத சோறுதான். ஆனால் பன்னிரண்டரைக்குத்தான் வருகிறது.

அதுவரை? பிள்ளைகளின் அப்பாவும் அம்மாவும் விடியும் முன்பே லாரி ஏறி, நகரத்துப் பக்கம் மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடம் கட்டப் போய்விடுகிறார்கள். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வருகின்றன. நீ சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டு, பத்து மணிக்கு அவர்களுக்கு ஊற்றுவாய். எந்த உத்தரவிலும் இல்லாத கஞ்சி. அதனால் அது நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

நீ கேட்டது ஒரு புகைபோக்கி. "பெருசா எழுதாத அண்ணா, புகை வெளிய போனா போதும்" என்றாய். நான் கேட்டேனா? விறகுப் புகையில் நீ இருமுவதைப் பார்த்த கோபம். பள்ளிக்கூடம் போகாமலே எழுதக் கற்றவன் என்ற திமிர் வேறு. அந்த இடம் சமைக்கவே லாயக்கற்றது என்று இரண்டு பக்கம் மனு எழுதினேன். என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு கொட்டகையை மூடிவிட்டார்கள். ஒரு மாதம் நீ என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாய். கஞ்சியைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.

போன வாரம் தலைமையாசிரியையிடம் போய், பத்து மணிக்கு ஒரு டம்ளர் பாலாவது கொடுங்கள் என்றேன். "பண்டி தெச்சிந்தி மீரே கதா, தாத்தகாரு" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தாள். வண்டியை வரவழைத்தவனே நான்தானாம்.

மறுநாள் நானே பால் காய்ச்சி எடுத்துப் போனேன். வெளிச் சாப்பாடு உள்ளே கூடாதாம். "கேட்டுக்கு வெளிய நிக்கிறேன்மா. ரோடும் உங்க ஸ்கூல்தானா?" என்றேன். தினமும் நிற்கிறேன். உன்னிடம் கஞ்சி குடித்த பெண் ஒருத்தி, இப்போது நாலாம் வகுப்பு, பாலைக் குடித்துவிட்டு, "அத்தை எப்புடு ஒஸ்துந்தி?" என்று கேட்டாள். அத்தை எப்போது வருவாள் என்றால் நான் என்னவென்று சொல்வது?

புது மனு எழுதிவிட்டேன். ஒரே வரி. பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் பால் வேண்டும். யாரையும் திட்டவில்லை. உத்தரவு வரும்வரை கேட்டில் நிற்பேன். வந்த பிறகும் நிற்பேன். பால் பிள்ளைகள் கைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டாமா?

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாமலே இருந்துவிட்ட,
உன் அண்ணன்