ஏற்ற மறுத்த மெழுகுவர்த்தி

2 நவம்பர் 1992, திங்கள்

கல்லறைத் திருநாள். என் மனைவியின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஜெனிற்றாவும் கூட வந்தாள். இலங்கையில் சண்டைக்குத் தப்பி மன்னாரில் படகேறும் நெரிசலில் தாயைத் தவறவிட்டு, இங்கே அகதி முகாம் வழியாக என் வீட்டுக்கு வந்த பிள்ளை. இரண்டு வருடமாகத் தாயைப் பற்றித் தகவல் இல்லை.

எங்கள் கோயில் உபதேசியார் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, அவ ஆத்தாளுக்கும் ஒண்ணு பொருத்துங்க. பிள்ளை ஒருதரம் அழுது தீர்த்துரட்டும்."

"செத்ததை நீங்க பாத்தீகளா?"

"பாக்கல. ஆனா..."

"அப்பப் பேசாமப் போங்க. உசுரோட இருக்குறவளுக்கு நான் கல்லறைத் திருநாள் கொண்டாட மாட்டேன்."

"உங்க பிடிவாதம் ஊரறிஞ்சதுதாண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். போகட்டும். அவள் தாயைத் தேடி நான் ஏறி இறங்கிய அலுவலகங்களிலும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். நான் இன்னும் ஏறி இறங்குவேன்.

திரும்பி வந்ததும் ஜெனிற்றா வீட்டு வாசலில் நின்று கேட்டாள். "ஐயா, அம்மாவுக்கும் என்னைப் பற்றித் தகவல் இல்லைத்தானே? இண்டைக்கு அவ அங்க எனக்கு மெழுகுதிரி கொளுத்தியிருப்பாவோ?"

சோறு போட்டேன். சாப்பிட்டுப் படுத்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. மிச்ச மெழுகுவர்த்திகள் சட்டைப்பையிலேயே இருக்கின்றன. கரண்டு போனாலும் இன்றைக்கு அவற்றை ஏற்ற மாட்டேன்.