சொல்லாமல் விட்ட நாலு மாதம்

இன்று மதியம் கட்டுரைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். மதுவுக்கு எதிராக எழுதியிருந்த ஒரு மாணவி தன் பக்கத்து வீட்டுக்காரரை உதாரணம் காட்டியிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நீ போய் ஒரு மாதம்தான் ஆகிறது.

பிளஸ் டூவில் நாம் ஒரே பெஞ்ச். அதே தலைப்பில் போட்டிக்கு நான் எழுதிய முதல் வரைவைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாய். "'பலர் சீரழிகிறார்கள்'னு எழுதுனா யாருக்குடி வலிக்கும்? ஒரு ஆளக் காட்டு."

நான் உன் அப்பாவைக் காட்டினேன். மகளின் மழைக்கோட்டை விற்றுக் குடித்த தோட்டத் தொழிலாளி. உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பள்ளிக்கு வரும் மகள். முதல் பரிசு கிடைத்தது. காலைக் கூட்டத்தில் நானே வாசித்தேன். சாக்கு என்ற சொல் வந்ததும் எல்லாரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன் என்றுகூட ஞாபகம்.

சாயங்காலம் தேயிலைக்காட்டு வழியே திரும்பும்போது, "பேரு போடலையேடி" என்றேன்.

"பேரு போடல. சாக்கப் போட்டுட்டேல்ல." கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாய்: "எங்கப்பா குடிய விட்டு நாலு மாசமாச்சு. ஒனக்குத் தெரியும்."

தெரியும். இரண்டாம் வரைவில் அதை எழுதியும் இருந்தேன். வாதம் தளர்கிறதென்று நானே அடித்தேன்.

அந்த ஞாயிறு உன் அப்பா மாதா கோயிலுக்கு வரவில்லை. பாடல் குழுவில் நின்ற எனக்கு, வழக்கமாக அவர் நிற்கும் இடம் காலியாகத் தெரிந்தது. நீ பிறகும் என்னோடு பேசினாய், சிரித்தாய். நான் வழக்கமாக வாங்கிப் படிக்கும் உன் நோட்டை மட்டும் தரவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு எத்தனையோ வருடம் இருந்தது. கேட்டால் உனக்குப் பழைய வலி திரும்பும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதுவும் நன்றாக அமைந்த வாதம்தான்.

உன் அடக்கத்தன்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள ஒங்களப் பத்திப் பெருமையாச் சொல்லும் டீச்சர். அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல ஒரு புள்ள என்னயப் பத்தி எழுதிருச்சு. யாருன்னு கேட்டேன். 'அறியாப் புள்ள, விடுங்கப்பா'ன்னா. கடைசிவரைக்கும் பேரச் சொல்லல."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "சாப்பிட்டீங்களா மாமா" என்று கேட்டேன்.

அவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வரி இன்னும் என்னிடமே இருக்கிறது. அதற்கு ஆதாரமோ உதாரணமோ தேவையில்லை.