வலப்பக்கச் சிறகு

என் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட தம்பி வேலுச்சாமிக்கு,

வலப்பக்கச் சிறகை முடித்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பொறுமை கிடையாது.

உன் பைக் டேங்கில் நீ வரைந்துகொண்டிருந்த மீன்கொத்தியைத்தான் சொல்கிறேன். இடப்பக்கச் சிறகு நீலமும் பச்சையுமாக மின்னியது. வலப்பக்கம் வெறும் பென்சில் கோடாக நின்றுபோனது. உன் மகள் கவிதா அந்த வண்டியில்தான் கம்பெனிக்குப் போகிறாள். கொஞ்ச நாள் முன்பு வந்து, டேங்க் முழுக்கக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டப்போகிறேன் என்றாள்.

"ஏன் பாதியில நிக்குதுன்னு பார்க்கிறவங்க எல்லாம் கேக்கறாங்க அத்தை. சிக்னலுக்குச் சிக்னல் அப்பா செத்துப்போனதைச் சொல்ல வேண்டியிருக்குதுங்க."

"கொஞ்சம் பொறு கண்ணு. வண்டியை இங்க விட்டுட்டுப் போ, நான் முடிச்சுத் தர்றேன்."

"நீங்களா?" சிரித்துவிட்டாள். "அப்பாவோட ஏர்பிரஷ், கறை எடுக்கிற ஸ்ப்ரே கன் இல்லீங்க அத்தை."

உன் சிரிப்பு அப்படியே. "அக்கா, இது உங்க கைக்கு ஆகாதுங்க" என்று நீயும் இப்படித்தானே சிரிப்பாய்? பெருமாநல்லூர் ரோட்டில் போகிற லாரிக்கெல்லாம் வரைந்தாய். ஒருநாளாவது வண்ணம் ஊதுகிற அந்த ஏர்பிரஷை என் கையில் கொடுத்தாயா? மறுப்பதையும் மரியாதையாக மறுப்பாய். உன்னோடு சண்டைகூடப் போட முடியவில்லை. காரியம் முடிந்த அன்று, யாரையும் கேட்காமல் அதை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

உன் பட்டறை ஆட்கள் சொல்லித்தருகிறோம் என்று வந்தார்கள். வேண்டாம் என்றேன். நீ சொல்லித்தராததை வேறு யாரிடம் கேட்பது?

என் கை பனியன் கம்பெனியில் பழகிய கை. எண்ணெய்க் கறை எடுக்கும்போது ஸ்ப்ரே கன்னைத் துணிக்குக் கிட்டே வைத்து, விசையை ஒரே பிடியாக அழுத்துவோம். உன் ஏர்பிரஷையும் அப்படியே பிடித்தேன். அதில் அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால்தான் வண்ணம். அது பிடிபடும்வரை விழுந்ததெல்லாம் திட்டுத்திட்டாகக் கறை. காலமெல்லாம் கறை எடுத்தவள் உட்கார்ந்து கறை போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கழிவுத் துணியில் நல்ல கோடு வந்தது. இறகு இறகாக வரைந்தேன். வந்துவிட்டது என்று டேங்குக்குப் போனேன். முதல் இறகே வழிந்து ஓடியது. துணி வண்ணத்தைக் குடிக்கும், தகரம் குடிக்காது. இதைத் தெரிந்துகொள்ள இத்தனை வயதாயிற்று எனக்கு. ஈரம் காயுமுன் துடைத்துவிட்டேன். உன் பென்சில் கோடும் அதோடு போயிற்று.

அன்று கொஞ்சம் அழுதேன். ஆனால் விடவில்லை. பழைய தகரப்பெட்டி மூடியில் பழகினேன். கையைத் தள்ளி வைத்து, வண்ணத்தைப் பனி மாதிரி படியவிட்டு, காய்ந்தபின் மேலே இன்னொரு பூச்சு. கை பழகியதும் டேங்கில் உன் கோடு இல்லாமலே சிறகைப் போட்டு முடித்தேன். இப்படித்தான் நீயும் செய்தாயா?

ஞாயிற்றுக்கிழமை கவிதா வந்தாள். வண்டியை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தாள்.

"ரெண்டு சிறகும் ஒண்ணு போல இல்லீங்களே அத்தை. இது கொஞ்சம் குண்டா இருக்குதுங்க."

"ரெண்டு பேர் வரைஞ்சா எப்படி ஒண்ணு போல இருக்கும்? பிடிக்கலைன்னா ஸ்டிக்கர் ஒட்டிக்க."

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் சாயங்காலம் போன் செய்தாள். சிக்னலில் ஒருவர், ஏன் இரண்டு சிறகும் வேறு வேறாக இருக்கிறது என்று கேட்டாராம்.

"என்ன சொன்னே?"

"அது எங்கப்பா, இது எங்கத்தைன்னு சொன்னேனுங்க. அதுக்குள்ள பச்சை விழுந்துருச்சு."

இனி அவள் உன் சாவைச் சொல்ல வேண்டியதில்லை, தம்பி.

ஏர்பிரஷ் ஊசியைக் கழுவித் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன். உன்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது, அது வேறு. ஆனால் கவிதா என்றைக்காவது கை நீட்டினால், ஆகாது என்று என் வாயிலிருந்து வராது. இது சத்தியம்.

இப்படிக்கு,
கைக்கு ஆகாது என்று நீ சொன்ன உன் அக்கா